ரேபீஸ் தாக்கிய மூளையில் மரபணுக்கள் அடங்குகின்றனவா, கிளம்புகின்றனவா?

நெய்தல் (கேள்வி)

வணக்கம். ரேபீஸ் வைரஸ் ஏற்றிய சுண்டெலி மூளையின் ஆர்.என்.ஏ-சீக் தரவு (எந்த மரபணு எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்று ஆர்.என்.ஏ துண்டுகளைப் படித்து எண்ணுவது) ஒன்றைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி மறுபடி பகுத்துக்கொண்டிருக்கிறேன். சி.வி.எஸ்-11 என்னும் ஆய்வகத் திரிபு, மூளைக்குள் ஊசி, நோய் முற்றியதும் முழு மூளையையும் அரைத்து ஆர்.என்.ஏ எடுத்திருக்கிறார்கள். பாலி-ஏ வால் உள்ள ஆர்.என்.ஏ-வை மட்டும் பிடித்த லைப்ரரி. தொற்றியவை மூன்று, கட்டுப்பாடு மூன்று. ஸ்டார் மென்பொருளில் மரபணுத்தொகுதியோடு பொருத்தி, டெசெக்2 மென்பொருளில் இரு குழுக்களையும் ஒப்பிட்டேன்.

குழப்பம் என்னவென்றால், 2001-இல் பிலடெல்பியாவில் கொப்ரோவ்ஸ்கி குழு வெளியிட்ட கட்டுரையில், தொற்றிய சுண்டெலி மூளையில் சுமார் 90% மரபணுக்களின் அளவு 4 மடங்குக்கு மேல் குறைந்ததாகவும், கூடியவை வெறும் 1.4% என்றும் இருக்கிறது. என் பட்டியலோ தலைகீழாக இருக்கிறது. உச்சியில் ஐ.எஸ்.ஜி15, ஐஃபிட்1, ஐஃபிட்3, ஐ.ஆர்.எஃப்7, சி.எக்ஸ்.சி.எல்10, சி.சி.எல்5 என்று எல்லாமே நோயெதிர்ப்பு மரபணுக்கள், அதுவும் பல மடங்கு ஏறியவை. இறங்கியவற்றில் நரம்பணு மரபணுக்கள் நிறைய இருந்தாலும் லாக்2 மாற்றம் -1-ஐ (அதாவது பாதியாகக் குறைவதை) தாண்டுவது அபூர்வம்.

1. இரண்டில் எதை நம்புவது?
2. வைரஸிலிருந்து வந்த ரீடுகளை (படித்த ஆர்.என்.ஏ துண்டுகளை) என்ன செய்வது? இப்போதைக்கு 'பொருந்தாதவை' என்று ஒதுக்கிவிட்டேன்.
3. ரேபீஸின் பி (P) புரதம், வைரஸ் வந்ததை மற்ற அணுக்களுக்கு அறிவிக்கும் இண்டர்ஃபெரானை அடக்கும் என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். அப்படியானால் இண்டர்ஃபெரான் தூண்டும் மரபணுக்கள் எப்படி இவ்வளவு ஏறின?
4. நரம்பணு மரபணுக்கள் இறங்குவதை நரம்பணுக்கள் சாவதாக எடுத்துக்கொள்ளலாமா?

---

எருக்கம்பூ

முதல் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை வைரஸ்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒரு கணக்கு. மூளையில் ஐந்தில் ஒரு நரம்பணுவில்தான் வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அணுக்களில் ஒரு நரம்பணு மரபணு முழுக்க நின்றே போனாலும், அரைத்த மூளையில் அதன் அளவு 100-லிருந்து 80-க்குத்தான் வரும். லாக்2-இல் அது -0.32. நீங்கள் ±1 என்று வெட்டுக்கோடு போட்டிருந்தால் அந்த மரபணு உங்கள் கண்ணிலேயே படாது. ஆனால் ஐஃபிட்1 போன்றது சாதாரண மூளையில் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். 5 ரீடு இருந்த இடத்தில் 500 வந்தால் 100 மடங்கு. அதாவது, முழு மூளையை அரைத்தால் ஏறுவதற்கு உச்சவரம்பு கிடையாது. இறங்குவதற்கு, தொற்றாத அணுக்கள் ஒரு தரையைப் போட்டுவிடுகின்றன. உங்கள் பட்டியலின் சாய்வில் பெரும்பகுதி இதுவே.

இரண்டாவது சிக்கல் டெசெக்2-இன் அடிப்படை அனுமானம். பெரும்பாலான மரபணுக்கள் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, விகிதங்களின் இடைநிலையை எடுத்து அளவுக்காரணியைக் கணக்கிடுகிறது. நிஜமாகவே 90% மரபணுக்கள் 4 மடங்கு விழுந்திருந்தால் மென்பொருள் என்ன சொல்லும்? அந்த 90%-ஐ 'மாற்றமில்லை' என்று பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு, அசையாமல் இருந்த மரபணுக்களை +2 ஏறியதாகக் காட்டும். எனவே உங்கள் முடிவை வைத்து 2001 கட்டுரை தவறு என்று சொல்ல முடியாது. உங்கள் முறைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் திறனே இல்லை.

அதே நேரம் அந்த 90%-ஐயும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். அது கழித்தல் கலப்பு முறையும் (இரு மாதிரிகளுக்கும் பொதுவானதைக் கழிப்பது) வரிசைத்தட்டும் (மரபணுத் துண்டுகளைப் பதித்த தட்டு) சேர்ந்த காலம். தட்டில் இருந்த தொகுப்புக்குள்தான் அந்தச் சதவீதம். கழித்தல் முறை என்பதே வேறுபடுபவற்றைத் தேடிச் செறிவாக்கும் உத்தி. பின்னால் வந்த ஆர்.என்.ஏ-சீக் ஆய்வுகளில் ஏற்றமும் இறக்கமும் கலந்தே வருகின்றன.

மூன்றாவது, அணுக்கலவை. நோய் முற்றிய மூளைக்குள் டி அணுக்கள், மோனோசைட்டுகள் ஆகிய வெள்ளையணுக்கள் வெளியிலிருந்து வந்து சேர்கின்றன. டி அணுக்களின் அடையாளமான சி.டி3ஈ, சி.டி8ஏ ஏறியிருந்தால் மூளையில் எந்த மரபணுவும் விழித்துக்கொண்டதாகப் பொருள் இல்லை, புதிய ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் கொண்டுவரும் ஆர்.என்.ஏ மொத்தத்தில் பங்கு பிடிப்பதால் நரம்பணுவின் பங்கு தானாகவே சற்றுக் குறையும். இன்னொரு கண்ணி: மூளையின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களான மைக்ரோகிளியாவை எண்ணுவதற்கு பி2ஆர்.ஒய்12, டி.எம்.ஈ.எம்119 என்னும் இரண்டு மரபணுக்களையும் பயன்படுத்துகிறார்கள். மைக்ரோகிளியா கிளர்ந்தெழுந்தால் இவை இரண்டுமே இறங்கிவிடும். அணு எண்ணிக்கை கூடியிருக்கும்போது குறைந்ததாகக் காட்டும்.

வைரஸ் ரீடுகளை ஒதுக்காதீர்கள். சுண்டெலி மரபணுத்தொகுதியுடன் அந்தத் திரிபின் வரிசையைத் தனிக் குரோமோசோம் மாதிரி ஒட்டி, ஒரே கோப்பாக இன்டெக்ஸ் கட்டிப் பொருத்துங்கள். பிறகு:

– வைரஸ் ரீடு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாகக் குறியுங்கள்.
– அளவுக்காரணி கணக்கிடும்போது வைரஸின் ஐந்து மரபணுக்களையும் ('என்' (N), 'பி' (P), 'எம்' (M), 'ஜி' (G), 'எல்' (L)) நீக்கிவிடுங்கள். மொத்த ரீடால் வகுக்கும் முறையில் இது இன்னும் ஆபத்து. 30% ரீடு வைரஸுடையது என்றால் சுண்டெலி மரபணு அத்தனையும் 0.7 மடங்காகத் தெரியும், அதாவது -0.5. பொய்யான 'ஒட்டுமொத்த இறக்கம்' இப்படியும் பிறக்கும்.
– கட்டுப்பாட்டு மாதிரிகளில் வைரஸ் ரீடு எட்டிப் பார்த்தால் பயப்படும் முன் குறியீட்டுத் தாவலை (ஒரு மாதிரியின் ரீடு இன்னொன்றின் பெயரில் விழுவதை) சந்தேகியுங்கள். ஒரே ஓட்டத்தில் கனத்த வைரஸ் மாதிரியும் சுத்த மாதிரியும் சேர்ந்து ஓடினால் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். இரட்டைத் தனிக்குறியீடு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.
– வைரஸ் அளவுக்கும் மரபணு ஏற்றத்துக்கும் தொடர்புக்கோடு வரைய ஆசை வரும். தொற்றிய மாதிரி மூன்றே மூன்று. வரையாதீர்கள்.

---

கருங்குயில்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

பி புரதத்தின் வேலை தொற்றிய அணுவுக்குள் நடப்பது. இரண்டு இடத்தில் கை வைக்கிறது. ஒன்று, டி.பி.கே1 நொதி ஐ.ஆர்.எஃப்3-க்குப் பாஸ்பேட் ஏற்றுவதைத் தடுக்கிறது. அதனால் இண்டர்ஃபெரான்-பீட்டா மரபணு எழும்புவதில்லை. இரண்டு, வெளியிலிருந்து இண்டர்ஃபெரான் வந்து ஏற்பியைத் தட்டினாலும், அந்தச் செய்தியைச் சுமக்கும் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்1, ஸ்டாட்2 புரதங்கள் இரண்டையும் பிடித்து சைட்டோபிளாசத்திலேயே நிறுத்தி வைக்கிறது. உட்கருவுக்குப் போக விடுவதில்லை. தொற்றிய நரம்பணு இவ்வாறு காது அடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் தொற்றாத நரம்பணு, நரம்பணுக்களைத் தாங்கும் அஸ்ட்ரோசைட், மைக்ரோகிளியா எதற்கும் இந்தத் தடை கிடையாது. உங்கள் பட்டியலில் ஏறி நிற்கும் ஐ.எஸ்.ஜி15-இன் பெரும்பங்கு அவற்றிலிருந்து வந்திருக்க வேண்டும். ஸ்டாட்1-இன் எம்.ஆர்.என்.ஏ-வே (புரதம் எழுதுவதற்கான செய்தி ஆர்.என்.ஏ) இண்டர்ஃபெரானால் ஏறுவது. அது ஏறியிருப்பதைப் பார்த்து 'ஸ்டாட்1 பாதை தொற்றிய அணுவில் இயங்குகிறது' என்று எழுதிவிடாதீர்கள். தடை புரத நிலையில் இருக்கிறது, எம்.ஆர்.என்.ஏ எண்ணிக்கையில் அது தெரியவே தெரியாது.

பின் அந்த இண்டர்ஃபெரான் எங்கிருந்து கிளம்புகிறது? 2016-இல் வந்த ஒரு வேலை, அரைகுறையாகத் தொற்றிய அஸ்ட்ரோசைட்டுகளைக் காட்டுகிறது. வைரஸ் உள்ளே நுழைகிறது, பெருக முடியாமல் நின்றுவிடுகிறது, ஆனால் அதற்குள் ரிக்-ஐ போன்ற வைரஸ் ஆர்.என்.ஏ உணரிகள் விழித்துக்கொள்கின்றன. மூளையில் இண்டர்ஃபெரான்-பீட்டாவின் முக்கிய ஊற்று அதுதான் என்பது அவர்கள் முடிவு.

வைரஸ் திரிபைப் பார்க்காமல் இந்தத் தலைப்பில் எதையும் பேசக்கூடாது. சி.வி.எஸ்-11 ஆய்வகத்தில் பழகிய 'நிலைத்த' திரிபு. 2005-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழு, பலவீனமான சி.வி.எஸ்-பி2சி-யையும் வௌவாலிலிருந்து வந்த வீரியமான திரிபையும் சுண்டெலி மூளையில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. பலவீனமான திரிபு நோயெதிர்ப்பு மரபணுக்களைப் பலமாகக் கிளப்பியது. வீரியமான திரிபு அவற்றில் பலவற்றை எழுப்பாமலே கடந்து போனது. கேட்பதற்கு முரணாக இருக்கும்: அதிகமாகக் கொல்லும் வைரஸ் மூளையின் மரபணுக்களைக் குறைவாகத் தொந்தரவு செய்கிறது. ரேபீஸுக்கு இது பொருத்தமான நடத்தைதான். நரம்பணு உயிரோடு, இணைப்புகள் அறாமல் இருந்தால்தான் அடுத்த நரம்பணுவுக்குத் தாவி, உமிழ்நீர்ச் சுரப்பி வரை போய்ச்சேர முடியும்.

பி புரதமே இந்த வித்தியாசத்தைச் சுமக்கிறது என்பதற்கு ஜப்பானின் நிஷிகஹாரா திரிபு நல்ல உதாரணம். அதைக் கோழிக்கரு அணுக்களில் 100 முறை வளர்த்துப் பலவீனமாக்கிய வழித்தோன்றலில், ஸ்டாட்1-ஐத் தடுக்கும் திறன் குறைந்துவிட்டது. எம் புரதத்துக்கும் பங்குண்டு. ரிபோசோமில் புரத மொழிபெயர்ப்பைத் தொடங்கிவைக்கும் ஈ.ஐ.எஃப்3 புரதக் கூட்டுக்குள் போய் ஒட்டிக்கொண்டு அந்த மொழிபெயர்ப்பைக் குறைக்கிறது. ஆகவே எம்.ஆர்.என்.ஏ குறையாமலேயே புரதம் குறையலாம். ஆர்.என்.ஏ-சீக் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும்.

ஏறியவை எல்லாம் உடலின் தற்காப்பு என்று எழுதுவதும் சிக்கல். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மோனிக் லஃபோன் குழு இரண்டு விஷயம் காட்டியது. வைரஸ் ஆர்.என்.ஏ-வை உணரும் டி.எல்.ஆர்3 புரதம் இல்லாத சுண்டெலிகள் ரேபீஸுக்குச் சற்றுக் குறைவாகவே பலியாகின்றன. அந்தப் புரதம் நெக்ரி உடல்களுக்குள்ளேயே (தொற்றிய நரம்பணுவில் தெரியும் வைரஸ் திரட்சிகள்) போய் அமர்ந்து வைரஸுக்கு உதவுகிறது. அடுத்து, தொற்றிய மூளையில் பி.டி-எல்1 என்னும் மேற்பரப்புப் புரதம் ஏறுகிறது, உள்ளே வரும் டி அணுக்கள் அதைத் தொட்டுச் செத்துப்போகின்றன. இந்த ஏற்றம் வைரஸுக்குத்தான் லாபம்.

சி.எக்ஸ்.சி.எல்10 இன்னொரு ரகம். முதலில் நரம்பணுவிலும் பிறகு மைக்ரோகிளியாவிலும் எழும்பி, இரத்த-மூளைத் தடுப்பைத் தளர்த்துகிறது. பலவீனமான திரிபில் தடுப்பு திறப்பதால் எதிர்ப்புப் புரதமும் அதைச் சுரக்கும் பி (B) அணுக்களும் உள்ளே போய் வைரஸைத் துடைத்தெடுக்க முடிகிறது. வீரியமான திரிபில் கதவு மூடியே கிடக்கிறது. இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருந்தும் மூளையைக் காப்பாற்ற முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

---

மூளைமடிப்பு

நாலாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: வேண்டாம், அப்படி எடுக்காதீர்கள்.

ரேபீஸில் இறந்த மூளையை நுண்ணோக்கியில் பார்ப்பவர்களை முதலில் திகைக்க வைப்பது, பாதிப்பு எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பதே. வெளியே இவ்வளவு கொடூரமான நோய். உள்ளே இரத்தக்குழாயைச் சுற்றிச் சில அணுக்கள், அங்கங்கே மைக்ரோகிளியா முடிச்சுகள், ஹிப்போகாம்பஸின் பிரமிடு அணுக்களிலும் சிறுமூளையின் பர்கின்ஜி அணுக்களிலும் நெக்ரி உடல்கள். நரம்பணு எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. பரவலான அணுச்சாவு வேண்டுமென்றால் பலவீனமான திரிபையோ, குட்டி எலியையோதான் பார்க்க வேண்டும். வீரியமான திரிபின் ஜி புரதம் தன் வால்முனையால் மாஸ்ட்2 போன்ற புரதங்களைப் பிடித்து நரம்பணுவை உயிரோடு வைத்திருக்கிறது.

அணு இருக்கிறது, வேலை கெட்டுவிட்டது. நரம்புச் செய்தி வேதிப்பொருளான காபாவின் உள்ளிழுப்பு குறைகிறது, செரடோனின் வெளியீடு குறைகிறது, வளர்ப்பு அணுக்களில் சோடியம், பொட்டாசியம் வாய்க்கால்களின் மின்னோட்டம் குறைகிறது. ஐநாஸ் நொதி எழும்பி நைட்ரிக் ஆக்சைடு கூடுவதை 1993-லேயே காட்டிவிட்டார்கள். கனடாவில் ஆலன் ஜாக்சன் குழுவின் வேலையில், பி புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதக் கூட்டில் ஒட்டி, கேடு செய்யும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கூட்டி, ஆக்சானும் டென்ட்ரைட்டும் மணி மணியாக வீங்குவதைக் காணலாம். அணுவுடல் முழுதாக இருக்கும், கம்பி மட்டும் அறுந்திருக்கும். ஆக்சான் சிதைவில் சார்ம்1 புரதத்துக்கும் பங்கிருப்பதாக 2020-இல் வந்தது.

ஆகவே உங்கள் பட்டியலில் நரம்பிணைப்பு மரபணுக்கள் இறங்கியிருந்தால் 'செயல் தளர்வு' என்று எழுதுங்கள். சாவு என்று எழுத வேண்டுமானால் அணுச்சாவைக் காட்டும் காஸ்பேஸ்-3 சாயமோ டியூனல் சாயமோ காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மனித மூளைத் தரவைச் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் (பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் ரேபீஸால் இறந்தவர்களின் மூளைத்திசுவில் இப்படிப்பட்ட அளவீடுகள் நடந்திருக்கின்றன), கட்டுப்பாடு யார் என்று முதலில் பாருங்கள். விபத்தில் உடனே இறந்தவரை, பல நாள் மூச்சுத்திணறலோடு கிடந்து இறந்தவருடன் ஒப்பிட்டால் ஆக்சிஜன் பற்றாக்குறையின் மரபணுக்களும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் மேலே வந்து நிற்கும். ரேபீஸ் அதில் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

---

நெய்தல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. எருக்கம்பூ சொன்னபடி வைரஸ் வரிசையைச் சேர்த்து மறுபடி பொருத்தினேன். ரீடுகளின் உயரம் வைரஸின் 'என்' (N) மரபணுவில் அதிகம், பிறகு பி, எம், ஜி என்று படிப்படியாக இறங்கி எல்-இல் மிகக் குறைவு. இது சரியா? ஃபாஸ், ஈ.ஜி.ஆர்1, ஜன்-பி மூன்றும் ஏறியிருக்கின்றன. இதை வைரஸின் விளைவு என்று எழுதலாமா?

அடுத்து, எங்கள் துறையில் சில மரபணுக்களை க்யூ.பி.சி.ஆரில் (ஒவ்வொரு மரபணுவாகப் பெருக்கி அளக்கும் முறை) சரிபார்க்கச் சொல்கிறார்கள். கூட்டாக இருக்கும் ஆய்வகம் உறைந்த மூளையிலிருந்து உட்கருக்களைப் பிரித்து ஒற்றை-உட்கரு சீக்வென்சிங் செய்யலாம் என்கிறது. தொற்றிய நரம்பணுவையும் தொற்றாததையும் அதில் பிரிக்க முடியும் அல்லவா?

---

சோதனைக்குழாய்

உட்கருவில் இறங்குவதற்கு முன் நில்லுங்கள். ரேபீஸ் வைரஸ் பெருகுவது முழுக்க சைட்டோபிளாசத்தில். அதன் எம்.ஆர்.என்.ஏ அங்கேயே பிறந்து, எல் புரதம் தொப்பியும் பாலி-ஏ வாலும் போட்டு, அங்கேயே மொழிபெயர்க்கப்படுகிறது. உட்கருவைப் பிரித்துக் கழுவினால் வைரஸ் ஆர்.என்.ஏ-வில் பெரும்பகுதி கழுவிய நீரோடு போய்விடும். ஒட்டிக்கொண்டு வருவது எல்லா உட்கருக்களிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். எது தொற்றியது என்று பிரிக்கத்தான் இதைச் செய்கிறீர்கள், அதுவே நடக்காது. முழு அணுவாகப் பிரிப்பதுதான் வழி. அல்லது பிரித்த உட்கருக்களில் ஒளிரும் புரதம் போன்ற வேறு அடையாளம் இருக்க வேண்டும்.

முழு அணுவாகப் பிரித்தால் வேறு தலைவலி. 37 டிகிரியில் நொதி போட்டு மூளையைக் கலைக்கும்போதே ஃபாஸ், ஜன்-பி, ஈ.ஜி.ஆர்1 எல்லாம் கிளம்பிவிடும், மைக்ரோகிளியாவும் கிளர்ந்துவிடும். குளிரில் பிரிப்பது, ஆக்டினோமைசின்-டி சேர்த்துப் படியெடுப்பை நிறுத்திவிட்டுப் பிரிப்பது என்று வழிகள் உண்டு. கட்டுப்பாட்டு மூளையையும் அதே நாளில், அதே குழாய் வரிசையில் செய்தாக வேண்டும்.

ஒவ்வொரு அணுவையும் ஒரு நுண்துளியில் அடைத்துப் படிக்கும் துளி முறையில் இன்னொன்று. தொற்றிய அணு உடைந்தால் வைரஸ் ஆர்.என்.ஏ கரைசலில் மிதக்கும். ஒவ்வொரு துளியிலும் இரண்டு மூன்று வைரஸ் மூலக்கூறு விழும். 'ஒரு வைரஸ் ரீடு இருந்தாலே தொற்றியது' என்று வரையறுத்தால் மூளையே தொற்றியதாகத் தெரியும். வெற்றுத் துளிகளில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு மேல் வெட்டுக்கோடு போடுங்கள். சூப்எக்ஸ், செல்பெண்டர் என்னும் மென்பொருள்கள் இரண்டும் இதற்கு உதவும். ஆர்.என்.ஏ-வின் 3-முனையை (வால் பக்கத்தை) மட்டும் படிக்கும் வேதியியலில் வைரஸின் ஐந்து எம்.ஆர்.என்.ஏ-வுக்கும் தனித்தனி வால் இருப்பதால் ஐந்தையும் தனியாக எண்ணலாம். மரபணுக் குறிப்புக் கோப்பில் ஐந்துக்கும் எக்சான் வரி எழுத மறக்காதீர்கள். விட்டால் எல்லாமே பூஜ்ஜியம் என்று வரும், வைரஸே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

உங்கள் படிக்கட்டு வரைபடம் சரி. பாலிமரேஸ் 3-முனையில் ஏறி என், பி, எம், ஜி, எல் என்ற வரிசையில் படியெடுக்கிறது. ஒவ்வொரு மரபணுவின் முடிவிலும் ஏழு யு வரிசையில் திக்கித் திக்கிப் பாலி-ஏ வால் எழுதி முடித்து, அடுத்ததைத் தொடங்குகிறது. ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் பாலிமரேஸ் கழன்றுவிடும். அதனால் படி. படியே இல்லாமல் சுமார் 12,000 எழுத்திலும் சமதளமாக இருந்தால், நீங்கள் பார்ப்பது எம்.ஆர்.என்.ஏ இல்லை, மரபணுத்தொகுதி ஆர்.என்.ஏ அல்லது அதன் எதிர்ப்படி.

க்யூ.பி.சி.ஆர் பற்றி:

ஜி.ஏ.பி.டி.எச்-ஐ மட்டும் ஆதார மரபணுவாக வைக்காதீர்கள். ஆற்றல் வளர்சிதை மாற்றமே குலையும் மூளையில் அது அசையாது என்று யார் உத்தரவாதம்? ஆறேழு மரபணுக்களை எல்லா மாதிரிகளிலும் ஓட்டி, ஜீநார்ம் போன்ற மென்பொருள் ஒன்றில் நிலைத்தவை எவை என்று பார்த்து, குறைந்தது இரண்டின் பெருக்கச் சராசரியை வையுங்கள். ஆதார மரபணு ஒரு சுழற்சி நகர்ந்தாலே உங்கள் விடை இரண்டு மடங்கு பிசகும். நீங்கள் தேடும் இறக்கமே அந்த அளவுதான்.

வைரஸை அளப்பதானால் இழையைப் பிரித்து அளக்க வேண்டும். மரபணுத்தொகுதி எதிரிழை, எம்.ஆர்.என்.ஏ நேரிழை. எங்கும் ஒட்டும் ரேண்டம் ஹெக்சாமர் பிரைமர் போட்டு சி.டி.என்.ஏ (ஆர்.என்.ஏ-வின் டி.என்.ஏ படி) செய்தால் இரண்டும் கலந்துவிடும். ஓரிழைக்கான பிரைமர் போட்டாலும் ஆர்.என்.ஏ தானே மடங்கி, பிரைமர் இல்லாமலே சி.டி.என்.ஏ ஆகும் வழக்கம் உண்டு. ஆகவே பிரைமரின் 5-முனையில் வைரஸிலும் சுண்டெலியிலும் இல்லாத ஒரு வால் வரிசையைச் சேர்த்து, பி.சி.ஆரில் அந்த வாலைப் பிடிக்கும் பிரைமரைப் பயன்படுத்துங்கள். பிரைமர் இல்லாத சி.டி.என்.ஏ ஒன்றையும் கட்டுப்பாடாக ஓட்டுங்கள்.

ஃபாஸ், ஈ.ஜி.ஆர்1, ஜன்-பி ஏறுவது ரேபீஸ் மூளையில் 1993-லேயே பதிவானது, அதனால் நம்பத்தகாதது இல்லை. ஆனால் இவை நிமிடக்கணக்கில் எழும் மரபணுக்கள். வலிப்பு வந்தால் ஏறும், கூண்டிலிருந்து தூக்கினாலே ஏறும். கட்டுப்பாட்டு எலிகளை அதே கையாளுதலோடு, அதே நேரத்தில் எடுத்தார்களா என்று செய்முறைப் பகுதியைப் படியுங்கள். நேரம் ஏன் என்றால், தொற்றிய எலிக்கு உடல் வெப்ப ஏற்ற இறக்கமும் உறக்க விழிப்பும் குலைகின்றன. காலையில் ஒரு குழு, மாலையில் இன்னொரு குழு என்று எடுத்திருந்தால் பெர்1, டி.பி.பி போன்ற கடிகார மரபணுக்கள் உங்கள் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடைசிக் கட்ட எலி சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை. எஃப்.கே.பி.பி5, எஸ்.ஜி.கே1 ஏறியிருந்தால் அது கார்டிசோன் வகை ஹார்மோனின் குரல். பட்டினி போட்ட எந்த எலியிலும் வரும். முடிந்தால் நோய்க்குறி தொடங்கும் நாளின் மாதிரியும் இருக்கும் தரவைத் தேடுங்கள். கடைசி நாளை மட்டும் பார்த்தால் வைரஸ் எது, சாகும் உடல் எது என்று பிரியாது.

துறையில் யாராவது நிஜத் திசுவைத் தொடப்போகிறார்கள் என்றால்: பீனாலும் குவானிடினும் கலந்த கரைசல் வைரஸைச் செயலிழக்கச் செய்யும், ஆனால் திசு முழுக்கக் கரைந்தால்தான். 1 மி.லி.க்கு 50 முதல் 100 மி.கி. மூளை போதும், அதற்கு மேல் போட்டால் கொழுப்பு மிதந்து, அரையாத துண்டுக்குள் உயிருள்ள வைரஸ் தங்கும். அரைப்பது பாதுகாப்புக் கூண்டுக்குள், மூடிய மணிக்குழாயில். வேலை செய்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி முடித்து, எதிர்ப்புச் சக்தி 0.5 அலகு/மி.லி.க்கு மேல் இருப்பதை 6 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.

---

எருக்கம்பூ

கடிகார மரபணு விஷயம் அருமை. நான் அதை விட்டுவிட்டேன்.

நெய்தல், ஒட்டுமொத்த இறக்கம் உண்மையா என்று தீர்க்க ஒரே நேர்வழி, வெளியிலிருந்து அளந்து சேர்த்த ஆர்.என்.ஏ. ஈ.ஆர்.சி.சி கலவையில் 92 செயற்கை ஆர்.என்.ஏ இருக்கும், எல்லாவற்றுக்கும் பாலி-ஏ வாலுண்டு. எங்கே சேர்த்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். ஆர்.என்.ஏ பிரித்து, 1 மைக்ரோகிராம் அளந்து எடுத்த பிறகு சேர்த்திருந்தால், மொத்த ஆர்.என்.ஏ-வில் எம்.ஆர்.என்.ஏ-வின் பங்கு குறைந்ததா என்றுதான் தெரியும். மொத்த ஆர்.என்.ஏ-வே பாதியாகியிருந்தால் அது மறைந்துவிடும். திசுவை எடை பார்த்து, அரைக்கும் கரைசலிலேயே, மி.கி.க்கு இவ்வளவு என்று சேர்த்திருந்தால் மட்டுமே முழு விடை கிடைக்கும். டெசெக்2-இல் அளவுக்காரணி கணக்கிடும் செயலில், கட்டுப்பாட்டு மரபணுக்களாக அந்த 92-ஐக் கொடுக்கலாம். உங்கள் தரவில் அவை இல்லை என்றால் பின்னால் எந்தப் புள்ளியியலாலும் வரவழைக்க முடியாது. ஆர்.யு.வி-சீக் மாதிரி முறைகள் தொகுதிப் பிசகைத் திருத்தும், இதைத் திருத்தாது.

அணுக்கலவையைக் கணக்கில் பிரித்தெடுக்கும் மென்பொருள்களை யாராவது பரிந்துரைப்பார்கள். கவனம். ஆரோக்கியமான மூளையின் அடையாள மரபணுக்களை வைத்து அவை இயங்குகின்றன. நரம்பணு மரபணு அடங்கியிருந்தால் 'நரம்பணு குறைந்தது' என்றே சொல்லும். மூளைமடிப்பு வேண்டாம் என்று சொன்ன அதே தவறை எண்களோடு செய்து தரும்.

---

மூளைமடிப்பு

இதில் எருக்கம்பூவோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். பிரித்தெடுக்கும் கணக்கு மட்டும் போதாது, சரி. ஆனால் அதே மூளையின் மற்ற பாதியை மெழுகில் பதித்து வெட்டி, நரம்பணு உட்கருவுக்கு நியூஎன், வைரஸுக்கு அதன் 'என்' (N) புரதம் என்று இரட்டைச் சாயம் போட்டு எண்ணிவிட்டால் அந்தக் கணக்குக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். ஒரு பின்குறிப்பு: நரம்பணு நலிந்தால் நியூஎன் சாயமே மங்கும். கூடவே சாதாரண நிஸ்ல் சாயத்திலும் எண்ணுங்கள். மூளைத்தண்டு, தாலமஸ், ஹிப்போகாம்பஸ், சிறுமூளை என்று பகுதி பகுதியாக. முழு மூளைக்கு ஒரே எண் சொல்வதில் பயனில்லை. தொற்று எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை.

---

நெய்தல்

என் தரவில் ஈ.ஆர்.சி.சி இல்லை. அப்படியானால் 'ஒட்டுமொத்த இறக்கம்' பற்றி எதுவும் சொல்லாமல், சார்பளவு மாற்றம் என்றே எழுதிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: தொற்றிய அணுவுக்குள் மட்டும் என்ன நடக்கிறது என்று பார்த்த பொதுத்தரவு இருக்கிறதா?

---

கருங்குயில்

நரம்பு இணைப்புகளைத் தேடுபவர்களிடம் போங்கள். ஜி மரபணு நீக்கிய ரேபீஸ் வைரஸை அவர்கள் நரம்பணுத் தடம் காணப் பயன்படுத்துகிறார்கள். ஜி இல்லாததால் முதலில் புகுந்த அணுவைத் தாண்டித் தானாகப் பரவாது, ஒளிரும் புரதத்தால் தொற்றிய அணு பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும், தனியாகப் பிரித்து ஒற்றை அணு சீக்வென்சிங் செய்த தரவுகள் 2020 முதல் வெளிவந்திருக்கின்றன. அவர்களுக்கு இருந்த கவலை, வைரஸ் புகுந்த பிறகும் நரம்பணுவின் வகையை மரபணுக்களை வைத்து அடையாளம் காண முடியுமா என்பது. பெரும்பாலும் முடிகிறது, மரபணு அளவுகள் இறங்கினாலும் வகைக்குரிய அடையாளம் அழிந்துவிடுவதில்லை. உங்கள் முதல் கேள்விக்கு இது நேரடியாக உதவும்.

இரண்டு எச்சரிக்கை. அந்த வேலைகளில் பல எஸ்.ஏ.டி-பி19 என்னும் தடுப்பூசித் திரிபில் செய்தவை. அது நரம்பணுவுக்கு விஷம். சி.வி.எஸ்-என்2சி அடிப்படையில் 2016-இல் வந்த வைரஸில் பாதிப்பு குறைவு. உங்கள் சி.வி.எஸ்-11 பட்டியலை பி19 பட்டியலோடு ஒட்டிவிட்டுத் 'தொற்றிய அணுவின் பதில்' என்று தலைப்பிட வேண்டாம். அடுத்து, ஜி நீக்கிய வைரஸில் எம் புரதம் முதலிய மற்ற நான்கும் அப்படியே இருக்கின்றன, வைரஸ் படியெடுப்பு முழு வேகத்தில் ஓடும். 2018-இல் ஜி-யோடு எல்-ஐயும் நீக்கிய வைரஸ் வந்தது. பாலிமரேஸே இல்லாததால் வைரஸ் எம்.ஆர்.என்.ஏ மிகக் குறைவு, நரம்பணு பல மாதம் நலமாக இருக்கிறது. உள்ளே நுழைவதால் வரும் மாற்றம் எது, படியெடுப்பின் சுமையால் வரும் மாற்றம் எது என்று பிரிக்க இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நேரம் இருந்தால் ஈடால் என்ற நீள் ஆர்.என்.ஏ-வையும் உங்கள் தரவில் தேடுங்கள். புரதம் எழுதாத வகை. தொற்றிய நரம்பணுவில் எழும்பி, ஈ.இசட்.எச்2 என்ற புரதத்தைச் சிதைத்து, அதனால் மரபணுவை அடக்கி வைத்திருக்கும் ஹிஸ்டோன் பூட்டு தளர்ந்து, பி.சி.பி4-எல்1 என்ற சிறு புரதம் ஏறி வைரஸைக் கட்டுப்படுத்துவதாக 2020-இல் ஒரு சீனக் குழு காட்டியது. நீங்கள் பயன்படுத்தும் மரபணுக் குறிப்பில் அந்தப் பெயர் இருக்காமல் போகலாம். கட்டுரையிலிருந்து வரிசையை எடுத்து அது எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து எண்ணுங்கள்.